மதியத்தில் மட்டும் கரகரக்கும் கியர்

எங்கள் கார் காலையில் ஒரு முனகல்கூட இல்லாமல் போகும். மதியத்துக்கு மேல் அதே காரில் முதல் கியரைப் போட்டால், தகரத்தின்மேல் சங்கிலியை இழுப்பதுபோல் கரகரவென்று ஒரு சத்தம். ரிவர்ஸில் இன்னும் மோசம். பசாரில் காரைப் பின்னால் எடுக்கும்போது மீன் பேரம் பேசிக்கொண்டிருப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். என் மனைவி அந்தச் சமயங்களில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், ஏதோ வழியில் ஏற்றிக்கொண்டு வந்த ஆள் மாதிரி.

எண்பதுகளின் தொடக்கம் அது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வீடு ஒரு ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில். தோட்டம் என்று பழக்கத்தில் சொல்கிறேன். அதற்குள் பால் மரங்களைச் சாய்த்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டாகிவிட்டது. கார், இங்கிலாந்தில் செய்த பழைய சாம்பல் நிறக் கார். எழுபதுகளில் தோட்டத்து மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் டிரெசர் மாற்றலாகிப் போனபோது அவரிடமிருந்து வாங்கினோம்.

அதன் சத்தங்கள் எனக்கு அத்துப்படி. நியூட்ரலில் நிற்கும்போது அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல் வரும். கிளச்சை மிதித்தால் அடங்கிவிடும், விட்டால் மறுபடி தொடங்கும். அது கியர்பாக்ஸின் முன்பக்கத் தண்டைத் தாங்கும் பேரிங். வயதானவர்களின் மூட்டுவலி மாதிரி, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இதற்கு நேர்மாறாக, கிளச்சை மிதிக்கும்போது மட்டும் கீச்சென்று கத்திய காலமும் உண்டு. அது கிளச்சைத் தள்ளிவிடும் பேரிங். சும்மா போகும்போதும் இடது காலைப் பெடல்மேலேயே வைத்திருக்கும் என் பழக்கத்தால் அது தேய்ந்துபோயிருந்தது. மாற்றினோம், கத்தல் நின்றது. ஆனால் இந்த மதியக் கரகரப்பு இரண்டிலும் சேராமல் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

வேறு ஒரு காலமாக இருந்தால் அப்படியே ஓட்டியிருப்பேன். அந்த வருடம் முடியாது. மகளுக்குப் பாகான் டத்தோவில் ஒரு தென்னந்தோட்டத்துப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. பள்ளி விடுமுறை முடிந்து வரும் திங்கள்கிழமை போய்ச் சேர வேண்டும். தங்குவதற்கு ஊத்தான் மெலிந்தாங்கில் ஓர் அறை ஏற்பாடாகியிருந்தது. அங்கிருந்து பள்ளிக்குப் பெருஞ்சாலை வரைக்கும்தான் பஸ். அப்புறம் தென்னைகளுக்கு நடுவே நெடுந்தூரம் மண்சாலை. தலைமையாசிரியர் அவளிடம் கேட்ட முதல் கேள்வியே, “வண்டி இருக்காம்மா?” என்பதுதான். இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவள் சொன்ன வண்டி இதுதான். எனக்குப் பள்ளி சைக்கிள் தூரம்.

“சத்தம் நிக்கட்டும், சாவியத் தரேன்” என்றேன்.

“சத்தம் கார்லயா, உங்க வயித்துலயாப்பா?” என்றாள்.

“ரெண்டுலயும்தான்” என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

எனக்கு நடுரோட்டில் கியர் விழாமல் நிற்கும் காரும், அதற்குள் அவளும்தான் கண்முன் வந்தார்கள். இரண்டாவது தடவையில்தான் லைசென்ஸ் வாங்கியவள் அவள். முதல் தடவை ஏற்றத்தில் கார் பின்னால் உருண்டதால் பெயிலாக்கிவிட்டார்கள்.

என் மச்சான், மனைவியின் தம்பி, இந்த விஷயத்தில் மகள் கட்சி. தோட்டத்துப் புகைவீட்டில் வேலை பார்த்தவர். ரப்பர் பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகையில் தொங்கப்போட்டுக் காயவைக்கும் இடம் அது. கடைசி மரமும் விழுந்து புகைவீட்டை மூடியபோது மிச்சத் தகடுகளைத் தொழிலாளிகள் பங்கு போட்டுக்கொண்டார்கள். மச்சான் தன் பங்கில் இரண்டை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி, என் காருக்கு ஓட்டுநர் காலடியில் போடும் பாயாக வெட்டிக்கொண்டு வந்தார். கோடு கோடாக, தேன் நிறத்தில், வெளிச்சத்தில் பிடித்தால் பளபளக்கும். காருக்குள் நுழைந்தால் புகைவீட்டுக்குள் நுழைந்த வாசனை.

“கடைப் பாய்லாம் எதுக்கு மச்சான்? இது நம்ம மரத்துப் பால் லா. நீங்க செத்தாலும் இது தேயாது.”

“நல்ல வார்த்தை சொல்றான் பாரு” என்றாள் மனைவி. ஆனால் அந்தப் பாய்மேல் அவளுக்குத் தனிப் பெருமை. அந்தப் புகைவீட்டில் அவளும் கல்யாணத்துக்கு முன் தகடு மடித்தவள். தினமும் காலையில் அதைத் துடைத்து விரிப்பாள், வாரத்தில் ஒருநாள் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைப்பாள்.

பள்ளி விடுமுறை தொடங்கியதும் காரை ஈப்போவுக்குக் கொண்டுபோனோம், மூவரும். அங்கே புந்தோங்கில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருந்தார். பருத்த ஆள், எப்போதும் வாயில் ஒரு பல்குச்சி. போய்ச் சேரும்போது காலை வெயில்கூட ஏறவில்லை. அவர் உட்கார்ந்து முதல் கியர் போட்டார். வெண்ணெய் மாதிரி விழுந்தது. ரிவர்ஸ் போட்டார். அதுவும் விழுந்தது.

“வாத்தியாரே, வண்டி வந்துருக்கு. சத்தத்த வீட்டுல விட்டுட்டு வந்துட்டீங்களா?”

“மதியம்தான் வரும்ணே.”

“ஓ, அதுக்குப் பகல் ஷிப்டா? சரி, எப்படிக் கத்தும்? கத்திக் காட்டுங்க.”

சுற்றிலும் ஆட்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு “கர்ர்ர்ர்” என்றேன்.

“அப்படி இல்லைங்க” என்றாள் மனைவி. “கடகடகட, அப்புறம்தான் கர்ர்.”

“கடகட எங்க வந்துச்சு? நேரா கர்ர்தான்.”

“நீங்க ஓட்டுறப்ப பயத்துல காது அடைச்சிருக்கும். பக்கத்துல உக்காந்து கேக்குறவ நானு.”

மகள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்தில் லாரிக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்து, தன் மாமனார் வண்டி கத்திய விதத்தைக் கத்திக் காட்டினார். மெக்கானிக் எல்லாவற்றையும் பாட்டுக் கச்சேரிக்கு மார்க் போடுகிறவர் மாதிரி தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “கடகடன்னா பல்லு போயிருக்கணும். வெறும் கர்ர்னா கிளச்சு சரியா வெட்டல. இஞ்சினும் கியர்பாக்ஸும் பிரியாம ஒண்ணோட ஒண்ணு இழுத்துக்கிட்டுக் கெடக்கு. ரெண்டு பேரும் வீட்டுல பேசி ஒரு முடிவுக்கு வாங்க. வண்டிய விட்டுட்டுப் போங்க.”

மாலையில் போனபோது காரின் தரையை வெறுமையாக்கி, கிளச்சு கேபிளை இறுக்கி, எண்ணெய் மாற்றியிருந்தார். நல்ல வெயில் நேரத்தில் தானே ஓட்டிப் பார்த்ததாகவும், ஒரு சத்தமும் இல்லை என்றும் சொன்னார். நானும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான். பாயைச் சுருட்டிப் பின் சீட்டில் வைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வரும்வரை மகள் பாடிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலை மனைவி பாயை எடுத்துத் துடைத்து, காரில் பழையபடி விரித்தாள். அன்று மதியம் கரகரத்தது.

அடுத்த சில நாட்கள் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. எண்ணெய் சூட்டில் நீர்த்துப்போகிறதா, கேபிள் வெயிலில் நீள்கிறதா என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். நிழலில் நிறுத்திப் பார்த்தேன், சத்தம் கொஞ்சம் குறைந்தது. நின்றுகொண்டே கிளச்சை மிதித்து, மனதுக்குள் ஒரு வாய்ப்பாடு சொல்லி முடித்துவிட்டு ரிவர்ஸ் போட்டுப் பார்த்தேன். அப்போதும் கரகரத்தது. கிளச்சு சரியாக வெட்டினால் அதற்குள் கியர்பாக்ஸின் சுழற்சி அடங்கியிருக்க வேண்டும். ஆகவே கடகட இல்லை, கர்ர்தான் என்று மனைவியிடம் போய்ச் சொன்னேன். “ரொம்ப சந்தோஷம்” என்றாள்.

சனிக்கிழமை மறுபடி புந்தோங். மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது, எங்கள்மேல் இல்லை, கார்மேல். “என்கிட்ட வந்தா சாமி கும்புடுது, உங்க வீட்டுக்குப் போனா சாமி ஆடுது. இதுக்குமேல கியர்பாக்ஸ எறக்கித்தான் ஆகணும்” என்றார். எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். வேலை குவிந்து கிடக்கிறது, திங்கள்கிழமையைப் பற்றிப் பேச்சே வேண்டாம் என்றார். மகள் போய்க் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். காரை இப்போதைக்கு எடுத்துப் போகிறோம் என்றேன்.

வழியில் அவளுக்குச் சேலைகள் வாங்கினோம். வேலைக்குப் போவதே சந்தேகமாக இருக்கும்போது சேலை எதற்கு என்று அவள் கேட்டதற்கு மனைவி, “சேலைக்குக் கியர் வேணாம்டி” என்றாள். கடையைவிட்டு வெளியே வந்தபோது நல்ல வெயில். மகள் சாவியைக் கேட்டாள். கடைசித் தடவையாக ஓட்டிக்கொள்கிறேன் என்று அவள் கேட்ட விதத்தில் எனக்கு மறுக்க மனம் வரவில்லை. நான் முன் சீட்டில் பக்கத்தில், மனைவி பின்னால் சேலைப் பைகளோடு.

அடுத்து நடந்ததை இப்போதும் என்னால் உட்கார்ந்து நிதானமாக எழுத முடியவில்லை. செம்மோர் தாண்டி, தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, சிறு சாலையிலிருந்து பெருஞ்சாலையில் ஏறும் இடம். மகள் பிரேக் பிடித்து நின்றாள். முதல் கியர் போட்டாள், கரகரவென்று விழுந்தது. கிளச்சு அடிவரை மிதித்தபடியே இருந்தது. வலப்பக்கம் பார்த்தாள். தூரத்தில் ஒரு பலாக் லாரி, பெரிய பெரிய மரங்களை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. அது போகட்டும் என்று காத்திருந்தாள். வலது காலைப் பிரேக்கிலிருந்து எடுத்து எக்ஸலேட்டர் பக்கம் தயாராக வைத்தாள். எல்லோரும் செய்வதுதான்.

கார் தானாக நகர்ந்தது. கிளச்சு மிதித்திருக்கும்போதே, சமதரையில், யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல் பெருஞ்சாலைக்குள் மூக்கை நீட்டியது. நான் கத்தினேனா இல்லையா என்று தெரியவில்லை. மகள் பிரேக்கை அடித்தாள். கார் குலுங்கி, இஞ்சின் நின்றது. லாரி ஹார்னை விடாமல் அழுத்தியபடி ஒதுங்கி, எங்கள் பானெட்டை உரசுகிற மாதிரி போனது. மரங்களின் வெட்டுமுகங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் கடந்தன. ஒரு மரத்தில் சிவப்பு மையால் ஏதோ எண் எழுதியிருந்தது. அந்தச் சிவப்பு இன்றைக்கும் எனக்குத் திடீரென்று, சோறு சாப்பிடும்போதுகூட ஞாபகத்துக்கு வருகிறது.

மனைவிதான் முதலில் பேசினாள். “பின்னாடி தள்ளுங்க” என்றாள். இறங்கித் தள்ளி ஓரமாக நிறுத்தினோம். சாலையோரப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். இனி இந்தக் கார் வேண்டாம், வேலையும் வேண்டாம், நாளைக்கே தலைமையாசிரியருக்குத் தந்தி அடித்துவிடுகிறேன் என்று சொன்னேன். சொன்னேனா, அழுதேனா என்பதில் மனைவிக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

மகள் காருக்குள்ளேயே இருந்தாள். ஷூவே வேண்டாம் என்று கழற்றி எறிந்திருந்தாள். நான்தான் அவளை ஷூ போட்டு ஓட்டச் சொல்லியிருந்தேன். அவளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அப்படித்தான் சொன்னார். வெறுங்காலோடு, இஞ்சின் நின்ற காரில், கிளச்சை மிதித்து மிதித்து விட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்பா, இங்க வாங்க.”

“எறங்கும்மா மொதல்ல.”

“வாங்கன்னா. காலையில மிதிச்சா அடியில டக்குன்னு இரும்புல முட்டும். இப்ப முட்டல. பஞ்சு மெத்த மேல கால் வச்ச மாதிரி நிக்குது.”

ஷூ போட்ட காலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நான் போய்க் குனிந்து பெடலுக்கு அடியில் கையை விட்டேன். சூடாக, கொழகொழவென்று, மடிப்பு மடிப்பாக ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தேன். மச்சானின் பாய்.

காலையில் அது விறைப்பாக, விரித்தது விரித்தபடி கிடக்கும். வெயிலில் நின்ற காரில் இளகி, ஓட்டுகிறவரின் குதிகால் அழுத்த அழுத்த முன்னால் நகர்ந்து, பெடலுக்கு அடியில் சுருண்டு ஏறிவிடும். இரட்டைத் தகடு வேறு. அதற்குமேல் பெடல் இறங்காது. பெடல் முழுக்க இறங்காவிட்டால் கிளச்சு முழுக்க வெட்டாது. கியர் கரகரக்கும், கார் நகரும். மறுநாள் காலையில் மனைவி துடைத்து நீட்டி விரித்துவிடுவாள். மெக்கானிக், கார் தன்னிடம் இருந்த நேரமெல்லாம் பாயைச் சுருட்டி வைத்திருந்தார்.

கந்தகம் சேர்த்து வேகவைக்காத ரப்பர் குளிரில் விறைக்கும், சூட்டில் இளகும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன் நான்.

பாயை எடுத்துவிட்டு மகள் இஞ்சினை எழுப்பினாள். முதல் கியர். ரிவர்ஸ். மறுபடி முதல். அந்த வெயிலில் ஒரு முணுமுணுப்பு இல்லை. நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மனைவிதான் சிரிக்கத் தொடங்கினாள். தொடங்கியவளால் நிறுத்த முடியவில்லை. சேலைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “என் தம்பி செஞ்ச பாயி… என் தம்பி…” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது. போகிற பஸ்ஸிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அன்று மாலை மச்சான் வீட்டுக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்தது. மருமகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் தலையில் கை வைத்தார். பிறகு பாயைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“அப்ப இது தேயாதுன்னு நான் சொன்னது சரிதானே மச்சான்?”

“சரிதான். நான்தான் போயிருப்பேன்.”

“மாமா, நீங்க ஒழுங்கா ஒரு சுத்து கம்மியா வெட்டியிருக்கலாம்” என்றாள் மகள்.

“நெறைய வெட்டுனா நெறைய பாசம்னு நெனச்சேன் லா.”

அதைக் கோழிக்கூண்டின் கூரை ஒழுகும் இடத்தில் போட்டுக்கொள்கிறேன் என்று எடுத்துப் போனார். போகும்போது வாசலில் என்னிடம் தனியாக, “அவள அனுப்பிருவீங்கள்ள?” என்று கேட்டார்.

சத்தம் நின்றால் சாவி என்று சொன்னது நான்தான். சத்தம் நின்றுவிட்டது. ஆனால் சத்தம் இருந்தவரைக்கும் என் பயத்துக்கு ஒரு பெயர் இருந்தது: கிளச்சு, பேரிங், கியர்ப்பல். இப்போது கார் நன்றாக இருந்தது. பயம் மட்டும் இடம் தெரியாமல் உடம்பு முழுக்க நின்றது. ஞாயிற்றுக்கிழமை முழுதும் வீட்டுக்கும் காருக்குமாக நடந்தேன். பிரேக்கைப் பார்த்தேன், டயரைப் பார்த்தேன். தனியாகப் போக வேண்டாம், ஊத்தான் மெலிந்தாங் வரைக்கும் நானும் வருகிறேன் என்றேன். கடைசியில் அதற்கு முந்தைய ஊரான தெலுக் இந்தான் வரைக்கும் என்று பேசி முடித்தார்கள். பேசியது மனைவியும் மகளும்; நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, திங்கள் விடியற்காலை மகளோடு கிளம்பினேன். மகள் வெறுங்காலோடுதான் ஓட்டினாள். காலுக்குச் சேதி தெரிகிறதாம். காம்பார், பீடோர் எல்லாம் கடந்தோம். ஒவ்வொரு சந்திப்பிலும் என் இடது கால் இல்லாத கிளச்சை மிதித்தது. அவள் பார்த்துவிட்டாள்.

“அப்பா, நீங்க மிதிக்கிற மிதியில தரை ஓட்டையாயிரும்.”

“பழக்கம்மா.”

“உங்க பக்கம் பாய் வேற இல்ல.”

தெலுக் இந்தான் பஸ் நிலையத்துக்கு எதிரே நிறுத்தினாள். நான் இறங்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரம், பாலம் வரைக்கும் வருகிறேன் என்றேன். அவள் என் பக்கக் கதவை எட்டித் திறந்துவிட்டாள். “எறங்குங்கப்பா. வேலைல சேர்ற அன்னிக்கே லேட்டானா தலைமையாசிரியர் என்ன நெனப்பாரு? போய்ச் சேந்ததும் கடைக்குப் போன் பண்றேன்” என்றாள். தோட்டத்து முனையில் இருந்த சீனர் மளிகைக் கடையில்தான் எங்களுக்கெல்லாம் போன்.

இறங்கினேன். அவள் போனாள். திருப்பத்தில் மூன்றாம் கியருக்கு மாற்றியது கேட்டது. சுத்தமாக மாற்றினாள்.

திரும்பி வந்த பஸ் என் காரைவிடப் பழையது. கியர் மாற்றும்போதெல்லாம் அடியில் ஒரு கடகட. உண்மையான கடகட. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த என்னால் பொறுக்க முடியவில்லை. டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டரிடம், “அண்ணே, மூணாவது கியர்ல பல்லு போயிருக்கு போல” என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “டிக்கெட் வாங்கிட்டீங்கள்ள சார்? அப்ப பல்லு எங்களோடது. நீங்க தூங்குங்க.”

பஸ் வழியில் நின்றுவிட்டது. பல்லுதானா, வேறு ஏதாவதா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த பஸ் வரும்வரை சாலையோரம் நின்று, அதில் இடம் கிடைக்காமல், அதற்கடுத்ததில் ஏறி, வீட்டுப் பக்கம் வந்து சேர்ந்தபோது பள்ளிகள் விட்டுப் பிள்ளைகள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். மனைவி மளிகைக் கடை வாசலிலேயே நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் கடைக்காரர் உள்ளேயிருந்து ஏதோ சொல்லிச் சிரித்தார்.

“போன் வந்துச்சா?” என்றேன். மூச்சு வாங்கியது.

“வந்துச்சு. மூணு தடவ.”

“மூணு தடவயா? என்னாச்சு அவளுக்கு?”

“அவளுக்கு என்ன, நல்லாத்தான் போய்ச் சேந்தா. கிளாசுக்கும் போயிட்டு வந்துட்டா. அப்பாவ பஸ் ஸ்டேண்டுல தனியா எறக்கி விட்டுட்டேன், இன்னுமா வீட்டுக்கு வரலன்னு கெடந்து தவிக்கிறா” என்றாள் மனைவி. “உள்ள போயி அவ ஸ்கூலுக்கு ஒரு போனப் போட்டு, நீங்க பத்திரமா வந்துட்டீங்கன்னு சொல்லுங்க.”